மலைக்குப் போய்ப் பேசிக்கலாம்

வருடத்தில் முந்நூற்று அறுபது நாள் நம் நடுவிலேயே இருந்துகொண்டு, நம்மைப் போலவே வரிசையில் நின்று, நம்மைப் போலவே மழைக்கு ஒதுங்கி, மீதி ஐந்து நாளின் பலத்தில் நம்மையெல்லாம் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கிற ஓர் இனம் இருக்கிறது. அதற்கு மலைமௌனி என்று பெயர் வைப்போம். அந்த ஐந்து நாளும் அவர் மலையடிவாரத்தில் ஒரு வட்டக் கூடாரத்தில் மௌனமாகத் தங்குவார். பிறகு முந்நூற்று அறுபது நாள் அந்த மௌனத்தைப் பற்றிப் பேசுவார்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். "அங்க நெட்வொர்க்கே கிடையாது" என்று சொல்லும்போது, பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்ததைச் சொல்லும் தகப்பனின் முகம் அவருக்கு வந்துவிடும். எளிமையாக வாழ அவருக்கு ஒன்பது பைகள் தேவைப்படும். இயற்கையோடு கலப்பதற்கு முன் முப்பத்தொரு முகாம்களைப் பற்றி ஊரார் எழுதியதையெல்லாம் படித்து, எங்கே மெத்தை அமுங்குகிறது, எங்கே வெந்நீர் ஏழு மணிக்கே நின்றுவிடுகிறது, எந்தக் கூடாரத்திலிருந்து கழிப்பறைக்குப் புல்வெளியைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது என்பதையெல்லாம் மனப்பாடம் செய்திருப்பார். பனிமூட்டம் இரண்டு நாள் மலையை மறைத்துவிட்டது என்பதற்காக முகாமுக்கு ஒரு நட்சத்திரம் குறைத்துப் போட்டவரும் இவர்தான். முகாம் மன்னிப்புக் கேட்டு எழுதியது. மலை எழுதவில்லை.

அந்தக் கூடாரத்தை யூர்ட் என்கிறார்கள். மந்தைகளை ஓட்டிக்கொண்டு புல்வெளி புல்வெளியாக நகர்ந்த மக்கள், குளிருக்கும் காற்றுக்கும் அஞ்சிக் கண்டுபிடித்த வீடு அது. மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து வட்டமாக நிறுத்தி, கம்பளியைக் கனமாகப் போர்த்தி, உச்சியில் புகை போக ஒரு திறப்பு விட்டிருப்பார்கள். அரை நாளில் கழற்றி வண்டியில் ஏற்றிவிடலாம். அதற்குள் நாலு பேர் உருளக்கூடிய கட்டிலைப் போட்டு, காபி இயந்திரத்தை வைத்து, தரைக்கு அடியில் சூடேற்றி, காற்றில் அசையாதபடி சிமென்ட் மேடையோடு திருகாணி போட்டு இறுக்கிவிட்டால் அது சொகுசு முகாம். நாடோடிக்கு ஒரு நாளாவது நகராமல் இருக்க வேண்டும் என்று ஆசை இருந்தது. நமக்கு நகராமலே நாடோடியாக வேண்டும். இரண்டில் எது பெரிய ஆசை என்று யோசித்துப் பார்த்தால் நாடோடிமேல்தான் மரியாதை வருகிறது.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

அலுவலகத்தில் அவருக்கு ஏகாந்தம் என்று பட்டப்பெயர். லிப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் புகார்ப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். கண்ணாடித் தடுப்பு வைத்த அறை, மேசைமேல் மூன்று தொலைபேசி, சுவரில் நகரத்தின் வரைபடம், எங்கெங்கே லிப்ட் நின்றுபோயிருக்கிறதோ அங்கங்கே சிவப்புக் குண்டூசி. உள்ளே மாட்டிக்கொண்டவர்களைப் பதறவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் உத்தியோகம். "பொறுமையா இருங்க, ஆள் வந்துட்டே இருக்காங்க" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்வார். ஆள் அப்போது அடுத்த தெருவில் டீ குடித்துக்கொண்டிருப்பார். அதனால் என்ன? அந்தக் குரலைக் கேட்டதும் மாட்டிக்கொண்டவர்களுக்கு மூச்சு சீராகிவிடும். வேலை முடிந்ததும் அடையாள அட்டையைக் கழற்றுகிறவர் அந்தக் குரலை மட்டும் கழற்ற மறந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

வீட்டில் மனைவி. பிசியோதெரபிஸ்ட். பதினாறு வருடமாக ஒரு சின்ன கிளினிக்கின் பின்னறையில், ஜன்னல் திறக்க முடியாத இடத்தில், மடங்காத முழங்கால்களை மடக்கியும் தூக்க முடியாத கைகளைத் தூக்கவைத்தும் கொண்டிருப்பவர். இரண்டு வாரத்துக்கு முன் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. ஐந்து மணி நேரப் பயணத்தில் இருக்கும் இன்னொரு நகரத்துப் பெரிய மருத்துவமனையில், பக்கவாதம் வந்தவர்களை மறுபடி நடக்கவைக்கும் பிரிவு ஒன்று தொடங்குகிறார்கள். அதற்குத் தலைமை ஏற்க அவரைக் கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த பெயர்.

கணவரிடம் பேசாமல் முடிவு சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பேசத்தான் பார்த்தார். சமையலறையில் ஆரம்பித்தபோது, இந்த மாதிரி விஷயத்தை மிக்ஸி சத்தத்துக்கு நடுவிலா பேசுவது என்று ஏகாந்தம் கேட்டார். மிக்ஸியை நிறுத்தியதும் டிவியில் செய்தி போட்டார். காரில் ஆரம்பித்தபோது, நெரிசலில் மனம் நிலைகொள்ளாது என்றார். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. திங்கட்கிழமை கேட்கவே வேண்டாம். வெளியூரில் படிக்கும் மகள் தினமும் போனில் "அப்பாகிட்ட பேசினியாம்மா?" என்று கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டாள். கடைசியில் ஒரு மாலை ஏகாந்தம் மனைவியின் தோளில் கைவைத்து, லிப்ட் குரலில் தீர்ப்பைச் சொன்னார்:

"வெள்ளிக்கிழமை மலைக்குத்தானே போறோம். அங்க போய்ப் பேசிக்கலாம். அந்த அமைதில எல்லாம் தானா தெளிவாகிடும்."

இதில் இருக்கும் சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். முடியாது என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சரி என்று சொல்லியிருந்தால் பெட்டி கட்டியிருக்கலாம். மலைமௌனி இரண்டையும் சொல்வதில்லை. விஷயம் பெரியது, அதற்கு ஏற்ற இடம் வேண்டும் என்பார். கேட்பவருக்கு அது மரியாதை போலவே தோன்றும். உண்மையில் ஏகாந்தத்துக்கு ஒரு பயம் இருந்தது. பேசினால் மனைவி போகிறேன் என்று சொல்லிவிடுவார். பேசாத வரைக்கும் யாரும் எங்கும் போகவில்லை. மௌனத்துக்கு இப்படி ஓர் உபயோகம் இருப்பதை ஞானிகள் யாரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். ஏகாந்தத்துக்கு இது மூன்றாவது வருடம். மனைவிக்கு முதல் முறை, இதற்கு முன் கிளினிக்கில் விடுப்புக் கிடைத்ததில்லை. வரவேற்பறையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. விருப்பமுள்ளவர்கள் தங்கள் போனை அதில் போட்டுவிட்டுக் கூடாரத்துக்குப் போகலாம். கட்டாயமில்லை. ஆனால் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது போடாமல் போகிறவர் தம் ஆன்மாவின் தரத்தைத் தாமே காட்டிக்கொடுக்கிறார் அல்லவா? ஏகாந்தம் முன்னால் வந்தார். கண்ணை மூடித் திறந்தார். நெடுநாள் நண்பரை ரயிலேற்றி விடுகிறவர் போல ஒரு போனை மெதுவாகப் பெட்டிக்குள் இறக்கினார். முகாமை நடத்தும் அம்மாளைப் பார்த்து, "இப்பதாங்க எனக்கு மூச்சே வருது" என்றார்.

பெட்டிக்குள் போனது, இரண்டு வருடமாக வீட்டு இழுப்பறையில் செத்துக் கிடந்த பழைய போன். உயிருள்ளது இடது காலுறைக்குள் இருந்தது.

"உன்னோடதையும் போடு" என்றார் மனைவியிடம்.

மனைவி தயங்கினார். நாளைக்குப் பன்னிரண்டுக்குள் பதில் சொல்ல வேண்டுமே, மருத்துவமனை அம்மாவின் எண் போனில்தானே இருக்கிறது என்றார். ஏகாந்தம் புன்னகைத்தார். அதற்குள் நாம் பேசி முடித்திருப்போம், காலையில் எடுத்துக்கொண்டால் போயிற்று என்று சொல்லிவிட்டு, பத்துப் பேருக்கும் கேட்கிற அளவுக்கு ஒரு வரி சேர்த்தார்: "ஒரு நாள் அது இல்லாம இருக்க முடியாதா உன்னால?"

மனைவி போட்டார். முகாம் அம்மாள் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டார்.

கூடாரத்துக்கு வந்ததும் ஏகாந்தத்துக்கு ஒரு சங்கடம் காத்திருந்தது. வட்டமான அறையில் மூலை கிடையாது. பரண் கிடையாது, அலமாரிக்குப் பின்பக்கம் கிடையாது. எங்கே நின்று பார்த்தாலும் எல்லாம் தெரியும். அந்தப் புல்வெளி மக்கள் ஒருவருக்கொருவர் எதையும் ஒளிக்க வேண்டிய நிலையில் இருந்ததில்லை போலிருக்கிறது. மனைவி முகம் கழுவப் போன நேரத்தில் ஏகாந்தம் நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து, சுவராக நின்ற மரச்சட்டங்களுக்கும் அதன் பின்னாலிருந்த கம்பளிக்கும் நடுவே போனைச் செருகினார். கட்டிலுக்குப் பின்னால் ஒரு பிளக் பாயிண்ட் இருப்பது அவருக்கு முதல் வருடத்திலிருந்தே தெரியும்.

மனைவி வந்து, "இப்பப் பேசலாமா?" என்றார்.

உடம்பு முதலில் இந்த உயரத்துக்குப் பழகட்டும் என்றார் ஏகாந்தம். பழகியபோது சூரியன் இறங்க ஆரம்பித்தது. அதற்கு நடுவில் பேசுவது அநாகரிகம். சூரியன் போனதும், ஏழிலிருந்து எட்டு வரை மௌன நேரம் என்று ஒரு புதுச் சட்டம் போட்டார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இரும்பு அடுப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. ஏகாந்தம் கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி, உலகத்தை விட்டு வெகுதூரம் போய்விட்டவர் போல உட்கார்ந்திருந்தார்.

அப்போது சுவர் உறுமியது.

போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தார், அதிராமல் வைக்க மறந்துவிட்டார். கோத்த மரச்சட்டங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருப்பவை. ஒன்று அதிர்ந்தால் கூடாரம் முழுக்கச் சுற்றி வந்து நிற்கும். கூடாரத்தில் சிக்னல் பேசும் அளவுக்கு வராது, அதிரும் அளவுக்கு வரும். அலுவலகத்திலிருந்து யாரோ விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க சத்தம் அது?"

ஏகாந்தம் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "மரம். குளிர்ல மரம் மூச்சு விடும்."

"விட்டு விட்டு விடுதே."

"மலைல அப்படித்தான்."

மனைவி சுவரைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், அடுப்பில் ஒரு விறகை வைத்தார். சாப்பிட்டு வந்ததும் ஏகாந்தத்துக்குக் கண்ணைச் சுழற்றியது. காலையில் புத்துணர்ச்சியோடு பேசுவோம் என்று சொன்ன வாய் மூடுவதற்குள் குறட்டை ஆரம்பித்துவிட்டது.

காலையில் அவர் பேசவில்லை. தியானத்துக்குப் போனார்.

முகாமுக்கு மேலே, ஏழெட்டு நிமிட ஏற்றத்தில் ஒரு தட்டையான பாறை உண்டு. அங்கிருந்து பார்த்தால் பனிச்சிகரம் முழுசாகத் தெரியும். மலையின் அந்தப் பக்கத்து ஊரின் செல்போன் கோபுரமும் தெரியும். ஏகாந்தம் போனபோது அங்கே ஏற்கெனவே நாலு ஆண்கள் சிகரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். ஒருவருக்கொருவர் பத்தடி இடைவெளி. எல்லாருக்கும் முகம் வானத்தில், கை நெஞ்சுக்கு நேரே, கட்டைவிரல் மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அஞ்சலி செலுத்த நிற்கிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். நேற்று மரப்பெட்டிக்கு முன் கண் மூடித் திறந்தவர்கள்தான் நாலு பேரும். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்தப் பாறையில் அதுதான் நாகரிகம். எதிர்க் கூடாரத்தில் தங்கியிருந்த பல் மருத்துவர் மட்டும் ஏகாந்தத்துக்கு இடம் விட்டு ஓர் அடி நகர்ந்து, "இன்னிக்கு மலை நல்லாத் தெரியுது" என்றார். "ரெண்டு பாயிண்ட் வருதா?" என்று கேட்டார் ஏகாந்தம். "மூணு" என்றார் பல் மருத்துவர்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏகாந்தம் தியானித்தார். ஒரு மருந்துக் கம்பெனியின் மூன்றாவது மாடியில் நின்ற லிப்ட் நகர்ந்தது. இரண்டு பேர் நன்றி சொன்னார்கள். மனம் நிறைந்து, போனைக் காலுறைக்குள் சொருகிக்கொண்டு கீழே இறங்கினார்.

கூடாரத்துப் படியில் மனைவி உட்கார்ந்திருந்தார். மணி பத்தே முக்கால்.

நடந்ததை அவர் நிதானமாகவே சொன்னார். பத்து மணிக்குப் போனை வாங்க வரவேற்பறைக்குப் போயிருக்கிறார். முகாம் அம்மாள் இல்லை. சனிக்கிழமைதோறும் சலவைத் துணியை எடுத்துவரக் கீழே ஊருக்குப் போவாராம், திரும்ப மதியம் இரண்டு மணி ஆகுமாம். சமையல்காரர்தான் மேசையில் உட்கார்ந்திருந்தார். சாவி எங்கே என்றதற்கு, அம்மா கழுத்தோடு போய்விட்டது என்றார். முன்னெல்லாம் சாவி இங்கேயே ஆணியில் தொங்கும், போன வருடம் ஒரு விருந்தாளி கருத்துப் புத்தகத்தில் எழுதிவைத்துவிட்டுப் போனார், அதிலிருந்து இப்படி என்று சொல்லி அந்தப் பக்கத்தைப் பிரித்தும் காட்டியிருக்கிறார்.

"'மனித மனம் பலவீனமானது. சாவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கலாகாது. பொறுப்பாளரை விட்டு அது ஒருபோதும் பிரியக் கூடாது.' ஒருபோதும்ங்கறதுக்கு அடியில ரெண்டு கோடு. கையெழுத்து எங்கயோ பாத்த மாதிரி இருந்துச்சு" என்றார் மனைவி.

ஏகாந்தம் தொண்டையைச் செருமினார்.

சமையல்காரரிடம் போனே கிடையாதாம். மனைவி சும்மா இருக்கவில்லை. கூடாரம் கூடாரமாகப் போய், யாரிடமாவது போன் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். எல்லாக் கூடாரத்திலும் பெண்கள்தான் இருந்தார்கள். எங்களுடையதும் பெட்டியில்தான் இருக்கிறது என்றார்கள். உங்கள் வீட்டுக்காரர்களுடையது? அவர்களுடையதும் பெட்டியில்தானாம். அவர்கள் எங்கே? பாறைமேல், மலையைப் பார்க்கிறார்கள்.

"மணி பதினொண்ணு ஆகப்போகுது. என்னங்க பண்றது?"

இந்த இடத்தில் ஏகாந்தத்தின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இடது கணுக்காலில் தீர்வு இருக்கிறது, உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக. குனிந்து எடுத்துக் கொடுத்தால் மனைவியின் பதினாறு வருட உழைப்புக்குக் கதவு திறக்கும். ஆனால் கூடவே மூன்று வருடமாகக் கட்டிய மௌனம் கூடாரத்தோடு சரியும். நேற்று பத்துப் பேருக்கு நடுவில் சொன்ன ஒரு வரி திரும்பி வந்து பக்கத்தில் உட்காரும். மனிதன் தன் உயிரைக்கூடச் சில சமயம் கொடுத்துவிடுவான். தன்னைப் பற்றித் தானே சொல்லிவைத்த கதையைக் கொடுக்கமாட்டான். ஏகாந்தம் மனைவியின் தோளில் கைவைத்தார்.

"பொறுமையா இரு. ஆள் வந்துட்டே இருக்காங்க."

"எந்த ஆள்?"

இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

ஒரு வழி தோன்றியது. தாமே கூப்பிட்டுச் சொல்லிவிட்டால்? யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை, காரியமும் முடிந்துவிடும். கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன், வழி பிறக்கும் என்று சொல்லிவிட்டுப் பாறைக்கு ஏறினார். மனைவி அந்தக் கடிதத்தை வந்த அன்றே அவருக்கும் அனுப்பியிருந்தார். இரண்டு வாரமாக அது திறக்கப்படாமல் கிடந்தது. இப்போது திறந்தார். அடியில் இருந்த எண்ணை மட்டும் பார்த்துக் கூப்பிட்டார்.

மருத்துவமனை நிர்வாகத்து அம்மாள் எடுத்தார். ஏகாந்தம் தாம் யார் என்று சொன்னார்.

"சொல்லுங்க சார். மேடம் வராங்களா, வரலையா?"

ஏகாந்தம் வாயைத் திறந்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. சொல்வதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. ஏழெட்டு நிமிடம் மேலேறி வந்து, கோபுரத்தைப் பிடித்து, எண்ணைத் தேடிக் கூப்பிட்ட மனிதர், பதிலை வாங்கிக்கொண்டு வர மறந்துவிட்டார். இந்த இரண்டு வாரத்தில் மனைவி என்ன நினைக்கிறார் என்று அவர் ஒரு தடவையாவது கேட்டிருந்தால் மறந்திருக்க மாட்டார்.

"யோசிச்சிட்டு இருக்காங்க" என்றார்.

"ரெண்டு வாரமாவா? வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்னுதானே சார் சொன்னாங்க. அவங்க பேசலையா உங்ககிட்ட?"

"பேசினாங்க. நான்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"பன்னெண்டுக்கு நான் லிஸ்ட்டை அனுப்பணும் சார். அப்புறம் என் கையில இல்ல. நீங்க கொஞ்சம் பொறுமையாக் கேட்டுச் சொல்லுங்க."

பொறுமையாக! ஏகாந்தம் அந்தச் சொல்லின் மறுபக்கத்தில் நின்றது அன்றுதான் முதல் தடவை. உள்ளே மாட்டிக்கொண்டவனுக்கு அது எப்படிக் கேட்கும் என்று அவருக்குத் தெரிந்தது. பாறையில் மற்ற நாலு கட்டைவிரல்களும் நின்றுவிட்டிருந்தன. பல் மருத்துவர் சிகரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"கீழ போய்க் கேட்டுட்டு வாங்க சார். இருபது நிமிஷம் தாராளமாப் போதும். பாத்துப் போங்க, சரளைக்கல்லு வழுக்கும்."

வழுக்கியது. முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு படிக்கு வந்தபோது மனைவி அதே இடத்தில் இருந்தார். நடைக்காலணியைப் போட்டுக் கயிற்றையும் கட்டி முடித்திருந்தார்.

"சும்மா கேக்கறேன்" என்றார் ஏகாந்தம், மூச்சு வாங்க. "அந்த வேலை. நீ என்ன முடிவு பண்ணிருக்க?"

மனைவி அவர் முழங்காலைப் பார்த்தார். தொழில் பழக்கம். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"சும்மா கேட்டா சொல்றதுக்கில்ல."

ஏகாந்தம் குனிந்தார். கால் சட்டையைச் சற்றே தூக்கி, காலுறைக்குள்ளிருந்து போனை எடுத்து நீட்டினார். வாழ்க்கையில் அவர் செய்த மிக நீளமான குனிதல் அதுவாகத்தான் இருக்கும். மனைவி ஆச்சரியப்படவில்லை. அது அவரை இன்னும் குறுகவைத்தது.

"உனக்குத் தெரியுமா?"

"மரம் மூச்சு விட்டா பரவால்ல. சட்டத்து இடுக்கு வழியா வெளிச்சம் வேற வந்துச்சே. 'மூணாவது மாடில நிக்குது, உடனே கூப்பிடவும்'னு." போனை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "எண்பத்தொரு சதவீதம் சார்ஜ் வேற. காலைல வரவேற்பறைல இருந்து வந்ததும் சுவத்துலதான் தேடினேன். இல்ல. சரி, மனுஷன் தானா குடுக்கறாரான்னு பாப்போம், பதினொன்றரை வரைக்கும் பாத்துட்டு நானே பாறைக்கு வந்து புடுங்கிக்கலாம்னு இருந்தேன்."

மணி பதினொன்று இருபத்தெட்டு. மனைவி எழுந்து, அவரைத் தாண்டி ஏற ஆரம்பித்தார். பதினாறு வருடம் மற்றவர்களுக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்தவரின் நடை. ஏகாந்தம் பின்னால் நொண்டிக்கொண்டு போனார்.

பாறையில் பெண் ஒருவர் ஏறி வருவதைக் கண்டதும் நாலு போன்களும் நாலு பாக்கெட்டுக்குள் மறைந்தன. நாலு பேரும் மலையை உண்மையிலேயே பார்த்தார்கள், வேறு வழியில்லாமல். மனைவி நடுவில் நின்று பேசினார். வருகிறேன் என்றார். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சேர்ந்துவிடுவேன் என்றார். தாமதத்துக்கு மன்னிக்கச் சொன்னார், மலைப்பக்கம் வந்திருக்கிறோம், இங்கே ஆளுக்கொரு மௌனம் என்றார். அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. எல்லாம் சேர்த்து நாலு நிமிடம். பிறகு போனைத் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். அதைத் திருப்பிக் கேட்கும் தைரியம் ஞாயிற்றுக்கிழமை வரை ஏகாந்தத்துக்கு வரவில்லை.

கணவனும் மனைவியும் பேசினார்கள். எங்கே என்றால், இறங்கும் வழியில் ஜெனரேட்டர் கொட்டகை ஒன்று உண்டு, அதன் பக்கத்தில். முழங்காலைக் கழுவ அங்கேதான் குழாய் இருந்தது. கொட்டகை உறுமிக்கொண்டிருந்தது, டீசல் வாடை, கத்தித்தான் பேச வேண்டும். மனைவி ஈரத்துணியால் சிராய்ப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீ போயிட்டா நான் தனியா என்ன பண்ணுவேன்?" என்று கத்தினார் ஏகாந்தம்.

"ஏகாந்தமா இருங்க" என்று கத்தினார் மனைவி.

ஏகாந்தத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அதைப் பார்த்த பிறகு மனைவி குரலைத் தணித்து, காதருகே வந்து சொன்னார். "வாரத்துல நாலு நாள்தான் அங்க. மூணு நாள் வீட்டுலதான் இருப்பேன். அப்படின்னாதான் வருவேன்னு முதல்லயே கேட்டு வாங்கிட்டேன். லெட்டர்ல ரெண்டாவது பாரா."

கடிதத்தில் அவர் பார்த்தது அடியில் இருந்த எண்ணை மட்டும். இரண்டு வாரம் சுமந்த பயத்துக்கு இரண்டாவது பத்தியிலேயே மருந்து இருந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் பேசினார்கள். மகளுக்கு யார் சொல்வது, சமையலுக்கு என்ன செய்வது, பேருந்தா ரயிலா. ஏகாந்தம் ஒரு கேள்விகூடக் கேட்டார், பதில் முடியும் வரை காத்திருந்தார். மொத்தம் பதினோரு நிமிடம். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்த அன்றே முடிந்திருக்கும்.

அன்று சாப்பாட்டு மேசையில் மற்ற பெண்களிடம் மனைவி ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்: பாறையிலிருந்து காட்சி பிரமாதம், கட்டாயம் எல்லாரும் போய்ப் பாருங்கள், சொல்லாமல் போனால் இன்னும் நன்றாக இருக்கும். மூன்று மணிக்குப் பாறைப் பக்கமிருந்து நாலைந்து குரல்கள் சேர்ந்து எழுந்தன. மலையில் எதிரொலி நன்றாக வரும் என்று முகாமின் விளம்பரத்தில் போட்டிருந்தது பொய்யில்லை.

ஏகாந்தம் திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். ஊர் திரும்பிய மறுநாள் அலுவலகத்தில், மனம்விட்டுப் பேச மலையைப் போல இடமே இல்லை என்று அரை மணி நேரம் சொன்னாராம். ஜெனரேட்டரைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் நடுவில் மனைவி கூப்பிட்டதும் பேச்சைப் பாதியில் விட்டு எழுந்து போனார் என்றும் கேள்வி. அதிகம் மெச்சுவதற்கில்லை. கொஞ்சம் மெச்சலாம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கு மலையும் கிடையாது, கூடாரமும் கிடையாது, இது யாரோ ஒரு வசதிக்காரரின் கதை என்கிறீர்கள். மலைமௌனிக்கு மலை அவசியம் என்று யார் சொன்னது? ஒரு நாற்காலி போதும். கையில் படிக்க ஏதாவது ஒன்று இருந்தால் இன்னும் வசதி. இதன் நடுப்பக்கத்தில் எங்கோ நீங்கள் இருந்தபோது உள்ளேயிருந்து யாரோ உங்களை ஏதோ கேட்டார்கள். கண்ணை எடுக்காமல், "இதை முடிச்சுட்டு வரேன்" என்றீர்கள்.

முடிந்துவிட்டது. எழுந்து போங்கள்.